கிரிப்: பிடி, பிடிக்கட்டை, மேழி

டயருக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் ரிவால்வருக்கும் 'கிரிப்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வழங்குகிறோம். தமிழில் சாலையில் டயருக்கு வேண்டியது பிடிமானம். மட்டைக்கு ஏற்றுவது ரப்பர் உறை. ரிவால்வரில் கை பற்றும் உறுப்புக்குப் பிடி என்பதே பொருந்தும். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவங்கள் பற்றுதலையும் கையளவையும் கதிர்க் கற்றையையும் குறித்தன. தமிழில் 'பிடி'யும் பற்றும் வினையாகவும், ஒரு பிடி நெல் என்னும் அளவாகவும், அரிவாள் பிடி என்னும் உறுப்பாகவும் வழங்குகிறது.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. ரிவால்வரின் பிடி முழுவதையும் ஆங்கிலத்தில் கிரிப் என்பார்கள். அதன் இரு பக்கமும் பொருத்தும் கட்டைகளையும் அப்படியே சொல்வார்கள். கௌபாய் காமிக்ஸ்களில் நாம் காணும், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டிய ஒற்றைச்செயல் ரிவால்வர்களில் புகழ்பெற்றது அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டின் 1873ஆம் ஆண்டு மாதிரி. தொடக்கத்தில் அதற்கு ஒரே துண்டாக அமைந்த வால்நட் மரப்பிடி இருந்தது; பின்னர் குறுக்கே ஒரு திருகால் இறுக்கப்படும் இரட்டைத் துண்டுகள் வந்தன. இத்துண்டுகளைப் பிடிக்கட்டை என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

கட்டையை மாற்றும் வேலைக்கும் சொல் நம்மிடம் உண்டு. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பட்டறைகளில், "அருவாளுக்குப் பிடி போட்டுக் குடுங்க ஆசாரி" என்றுதான் கேட்பார்கள். அரிவாளின் பின்முனையைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, மரம் பிளக்காமல் இருக்கப் பூண் மாட்டுவார்கள். ரிவால்வரிலோ மரம் இரும்புச் சட்டத்தின் மேல் அமர்கிறது; ஒவ்வொரு சட்டமும் மெருகேற்றியதில் சிறிது வேறுபடுவதால், புதிய கட்டையைச் சற்றுப் பெரிதாகவே விட்டு, இரும்பில் கீறல் விழாதபடி நாடா ஒட்டி, விளிம்பு சமமாகும் வரை அரம் கொண்டு தேய்க்க வேண்டும். திருகை மிகையாக இறுக்கினால் கட்டை விரிசல் விடும். பொருத்தும் முறை வேறானாலும் இதையும் 'பிடி போடுதல்' என்பதே நேர்த்தியான தமிழ்; 'கைப்பிடிப் பொருத்துகை மாற்றீடு' போன்ற ஆக்கங்கள் வாயில் நிற்பதில்லை.

அந்தக் கோல்ட் ரிவால்வரின் வளைந்த பிடிவடிவத்தை ஆங்கிலத்தில் 'கலப்பைப் பிடி' என்றே அழைக்கிறார்கள். சுடும்போது எழும் உதைப்பில் அவ்வளைவு உள்ளங்கைக்குள் உருண்டு, சுத்தியலைக் கட்டைவிரலுக்கு அருகே கொண்டுவந்து விடும். கலப்பையில் உழவர் பற்றும் பகுதிக்குத் தமிழில் மேழி என்று பெயர். "மேழிச் செல்வம் கோழை படாது" என்பது ஔவை வாக்கு. டெல்டா வயல்களில் டிராக்டர் வந்தபின் இச்சொல்லின் புழக்கம் குறைந்திருக்கிறது. ஆகவே இவ்வடிவத்தை 'மேழிப்பிடி' என்று எழுதுவதே என் பரிந்துரை: "ரிவால்வரின் மேழிப்பிடிக்குப் புதிய பிடிக்கட்டை போட்டார்கள்."