டிக்கி பாருக்குப் போகிறீர்களா? உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள்

கலிபோர்னியாவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். புது மாத்திரை கொடுக்கும்போது மது அருந்துவீர்களா என்று கேட்பது எங்கள் வழக்கம். "அப்படியெல்லாம் இல்லை, எப்போதாவது டிக்கி பாரில் ஜூஸ் மாதிரி ஒன்று" என்று சிலர் சொல்வார்கள். அந்த 'ஜூஸ் மாதிரி'தான் எனக்குக் கவலை.

டிக்கி பார் என்றால் பசிபிக் தீவுப் பாணியில் அலங்கரித்த, ரம் கலவைகள் பரிமாறும் மதுக்கடை. மூங்கில் சுவர், மரச்சிலை முகம் வைத்த குவளை, அன்னாசித் துண்டு, காகிதக் குடை. எனக்கும் பிடித்த இடம்தான். 1930களில் ஹாலிவுட்டில் 'டான் தி பீச்கோம்பர்' என்ற கடையிலிருந்துதான் இந்தப் பாணி கிளம்பியது. அதை நடத்திய எர்னஸ்ட் கேன்ட், செய்முறை வெளியே போய்விடக் கூடாது என்று பாட்டில்களில் பெயருக்குப் பதில் குறியீடு எழுதி வைத்தார். கலக்கிக் கொடுக்கிற பணியாளருக்கே உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. அந்த ரகசியம் இன்றைக்கும் டிக்கியின் கவர்ச்சி. ஆனால் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை ரசித்துவிட்டுப் போக முடியாது.

அவருடைய 'சோம்பி' (Zombie) என்ற கலவையையே எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டுச் செய்முறையில் இரண்டு வகை ரம் தலா 45 மில்லி. அதற்கு மேல் 75.5 சதவீத ஆல்கஹால் உள்ள டெமராரா என்ற இன்னொரு ரம் 30 மில்லி. சுத்த ஆல்கஹாலாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 46 கிராம். சாதாரண பீர் கேன் ஒன்றில் இருப்பது 14 கிராம். அதாவது ஒரே குவளையில் மூன்று பீருக்கும் மேல்! எலுமிச்சையும் இலவங்கப்பட்டையும் சர்க்கரைப் பாகும் நொறுக்கிய ஐஸும் சேர்ந்து அந்தக் காரத்தை மறைத்துவிடும். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்று அந்தக் கடையே விதி வைத்திருந்தது. நீளமான ஸ்ட்ராக்களைப் போட்டு நாலு பேர் உறிஞ்சும் 'ஸ்கார்ப்பியன் பவுல்' என்ற பெரிய கிண்ணப் பானத்தில், யார் எவ்வளவு குடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். இவ்வளவு இனிப்பு இருக்கிறதே, சுகர் எப்படிக் குறையும் என்று கேட்கிறார்கள். முதலில் ஏறும், உண்மைதான். அப்புறம் கல்லீரல் ஆல்கஹாலைக் கரைக்கிற வேலையில் இறங்கி, குளுக்கோஸ் தயாரிப்பதைக் குறைத்துவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குப் பல மணி நேரம் கழித்து, நடு இரவில்கூட, சுகர் அபாயமாக இறங்கலாம். தள்ளாட்டம், குழறல் எல்லாம் போதை மாதிரியே தெரிவதால் கூட இருப்பவர்கள் "தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். படுக்கும் முன் ஒருமுறை சுகர் பாருங்கள்.

அடுத்தது கிரேப்ஃப்ரூட். நம்ம பம்பளிமாஸின் வழிவந்த பழம், டிக்கி கலவைகளில் அடிக்கடி வரும். கனடாவில் டேவிட் பெய்லியின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு ஆல்கஹாலைச் சேர்த்து ஆராய்ந்தபோது, ஆல்கஹாலின் சுவை தெரியாமலிருக்க இந்தச் சாற்றைக் கலந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் என்சைமை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளிலும் இது நடக்கும். முடங்கிய என்சைம் மீள ஒரு நாளுக்கு மேலும் ஆகும் என்பதால், காலையில் மாத்திரை, மாலையில் பானம் என்று பிரித்துக்கொள்வதால் பயனில்லை. 'நேவி கிராக்' என்ற டிக்கி பானத்தின் ஒரு குவளையில் இந்தச் சாறு 22 மில்லி அளவுதான். அதற்காகப் பதற வேண்டியதில்லை. பெரிய குவளையில் தாராளமாக ஊற்றுகிற கடைகளில்தான் கவனம் வேண்டும்.

'மை டாய்' என்ற டிக்கி பானத்தில் சேரும் ஓர்ஷா என்பது பாதாமில் செய்த சிரப். பாதாம் அலர்ஜி இருந்தால் தொடக் கூடாது. தட்டில் வரும் 'கிராப் ராங்கூன்' என்ற பொரித்த தின்பண்டத்தில் நண்டு இருக்கும், நண்டு அலர்ஜி உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

மது சேர்க்காத டிக்கி பானம் வாங்கினாலும் கிரேப்ஃப்ரூட் இருக்கிறதா, பாதாம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ரம்மை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே போடுகிற கடைகள் உண்டு.