நிலப்பரப்பு அல்ல, நிலக்காட்சி

'ஆர்ஃபியஸ் மற்றும் யூரிடிசியுடன் நிலப்பரப்பு.' பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசேன் 1650 வாக்கில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியத்துக்குப் போன வாரம் ஒரு கட்டுரையில் பார்த்த பெயர் இது. இந்த 'நிலப்பரப்பு' எத்தனையாவது தடவை கண்ணில் படுகிறது என்ற கணக்கே விட்டுப்போயிற்று.

ஆங்கிலத்தில் 'லேண்ட்ஸ்கேப்' எனப்படும் இவ்வகை ஓவியம் பிரெஞ்சில் 'பெயிசாஜ்'. 'பெயி' என்றால் நாடு, சீமை. அதன் வேர் 'பாகுஸ்' என்ற இலத்தீன் சொல். குடியானவரைக் குறிக்கும் 'பெயிசான்' அதே குடும்பம். ரொபேர் எத்தியேனின் 1549-ஆம் ஆண்டு அகராதி 'பெயிசாஜ்' என்பதை ஓவியர்களிடையே வழங்கும் சொல்லாகக் குறித்திருக்கிறது. ஆக, பழைய பதிவிலேயே அது தூரிகை பிடித்தவர்களின் சொல்.

நிலப்பரப்பு அப்படியா? பரப்பு என்றால் அளக்கக்கூடியது. ஒரு மாவட்டத்தின் நிலப்பரப்பு இத்தனை சதுர கிலோமீட்டர் என்போம். அதற்கு நில அளவையாளர் போதும், பார்ப்பவர் வேண்டியதில்லை. பூசேனின் படமோ பார்ப்பவரை நம்பியே இருக்கிறது. கிரேக்கப் புராணத்துப் பாடகன் ஆர்ஃபியஸ் யாழ் மீட்டுகிறான், சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள். கொஞ்சம் தள்ளி அவன் மனைவி யூரிடிசி பாம்பைக் கண்டு பதறுகிறாள். பாட்டில் மூழ்கியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தூண்டில்காரன் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்க்கிறான். பின்னால் ஒரு கோட்டையிலிருந்து புகை எழுகிறது. நம் கண் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் 'காட்சி' வேண்டும் என்கிறேன்.

சரி, 'இயற்கைக் காட்சி' என்று சொல்லலாமே என்பார்கள். நாள்காட்டிப் படத்துக்கு அது பொருந்தும். இங்கே கோட்டை இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள், மரமும் நீரும்கூட ஓவியர் யோசித்து அடுக்கியவை. இதை இயற்கை என்றால் பாதிப் படம் வெளியே போய்விடும். 'நிலம்' என்ற சொல்லுக்கு அந்தக் குறை கிடையாது. தொல்காப்பியம் நிலத்துக்கு உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வத்தில் தொடங்குகிறது. உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போகிறது. தெய்வக் கதையும் யாழும் சேர்ந்த இந்தப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் எங்கே போய்த் தேடுவது? நம் மரபில் நிலம் வெறும் மண்ணாக இருந்ததே இல்லை.

அப்புறம் அந்த 'மற்றும்', அந்த 'உடன்'. 'ஆர்ஃபியசும் யூரிடிசியும்' என்று எழுத நமக்கு 'உம்' இருக்கிறது. 'யூரிடிசியுடன் நிலப்பரப்பு' என்றால் நிலம் அவளோடு துணைக்கு வந்தது போல ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் எழுதியதை ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாலே இது காதில் இடறும். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள், படத்தைப் பார்ப்பதே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான். 'ஆர்ஃபியசும் யூரிடிசியும் உள்ள நிலக்காட்சி' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். பூசேனின் மற்ற படங்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும்: 'பொலிஃபீமஸ் உள்ள நிலக்காட்சி', 'பிரமசும் திஸ்பியும் உள்ள நிலக்காட்சி'.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: 'வரலாற்று நிலப்பரப்பு'. இப்படிக் கதை மாந்தர் இடம்பெறும் நிலக்காட்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பெயிசாஜ் இஸ்தோரிக்' என்றார்கள். இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைத்த பிரெஞ்சுப் பரிசான ரோம் பரிசில் 1817-இல் அதற்குத் தனிப் பிரிவே ஏற்பட்டது, மிஷாலோன் என்ற இளைஞர் முதலில் வென்றார். அந்த 'இஸ்தோரிக்' நாம் பள்ளியில் படித்த வரலாறு அல்ல. புராணம், வேதாகமம், பழங்கதை எல்லாம் அதில் அடங்கும். 'வரலாற்று நிலப்பரப்பு' என்று படிப்பவர் போர்க்களத்தையோ இடிந்த கோட்டையையோதான் நினைப்பார், பாம்பைக் கண்டு பதறும் பெண்ணை நினைக்கமாட்டார். 'கதை நிலக்காட்சி' என்றால் நினைப்பார்.