நாற்காலிக்குப் பின்னால் என்ன இருந்தது?

ஒரு சின்னப் பத்தி. இந்தக் கட்டுரைக்காக நானே எழுதியது. நிதானமாகப் படியுங்கள்:

"கதவு பூட்டியிருக்கவில்லை. மேசைமேல் இரண்டு காபிக் கோப்பைகள். ஒன்று காலி. மற்றதில் ஆடை படிந்திருந்தது. கீழே ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. நாற்காலிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றினேன். அப்புறம் ஜன்னலைத் திறந்துவிட்டேன்."

நாற்காலிக்குப் பின்னால் என்ன இருந்தது? நான் சொல்லவில்லை, ஆனாலும் உங்களுக்குத் தெரியும். ஜன்னலை ஏன் திறந்தான் என்பதும் தெரியும். பிணம் என்ற சொல்லே அந்தப் பத்தியில் இல்லை. அதை அங்கே கிடத்தியது உங்கள் மனம்.

இருண்ட துப்பறியும் கதைகள் நம்மை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்ற கேள்விக்கு நான் முதலில் காட்ட நினைப்பது இந்த வெற்றிடத்தைத்தான். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் எழுத்தாளர் விட்ட இடத்தை வாசகர் நிரப்புகிறார். இதை 1974-இல் சூசன் ஹேவிலண்ட், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் எளிமையாக அளந்தார்கள். "காரின் பின்பெட்டியிலிருந்து பீரை எடுத்தோம். பீர் சூடாக இருந்தது" என்பதைச் சிலருக்குக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, "பிக்னிக் சாமான்களைச் சரிபார்த்தோம். பீர் சூடாக இருந்தது." இரண்டாவது வாக்கியம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சாமான்களோடு வந்தபோது அதைப் படிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. சாமான்களுக்குள் பீரும் இருந்திருக்கும் என்று மனம் தானாகப் பாலம் போட வேண்டியிருந்தது. பீருக்குப் பதில் ஒரு பிணம் என்றால் அந்தப் பாலத்தில் நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது.

இந்த எழுத்துமுறை வளர்ந்தது 1920-களின் அமெரிக்காவில். 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவுத் தாள் பத்திரிகை 1920-இல் தொடங்கியது. கெட்டியாக வேகவைத்த முட்டையைக் குறிக்கும் 'ஹார்ட்பாயில்ட்' என்ற சொல் இந்தக் கதைகளின் பெயராகவே நிலைத்துவிட்டது. 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில் எழுதிய டாஷியல் ஹாமெட், பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் 1915 முதல் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்த வேலையில் பாதி, ஆளைப் பின்தொடர்வது. மீதி, அறிக்கை எழுதுவது. எத்தனை மணிக்கு வெளியே வந்தான், எந்த வண்டியில் ஏறினான், யாரோடு பேசினான். உனக்கு என்ன தோன்றியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஹாமெட்டின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த அறிக்கைகளின் சாயல் எனக்குத் தெரிகிறது. கதைசொல்லி தன் உணர்ச்சியைச் சொல்வதே இல்லை. அதனால் அது காணாமல் போய்விடவில்லை, நம் பக்கம் வந்து சேர்கிறது.

சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. சொன்ன கொஞ்சம் உடம்பில் உறைக்க வேண்டும். ரேமண்ட் சாண்ட்லர் 1939-இல் எழுதிய 'தி பிக் ஸ்லீப்' நாவலின் தொடக்கத்தில், துப்பறிவாளர் மார்லோ ஒரு கிழட்டு ஜெனரலைப் பார்க்கப் போகிறார். ஆர்க்கிட் செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீடு. உள்ளே புழுக்கம், கண்ணாடியெல்லாம் நீர் வழிகிறது, மார்லோவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. ஜெனரலோ போர்வை போர்த்தியபடி சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், அந்த வெக்கை இல்லாவிட்டால் உயிர் தாங்காது. தனக்கு மறுக்கப்பட்ட பிராந்தியை இன்னொருவர் குடிப்பதைப் பார்த்து அவர் ரசிக்கிறார். கதையின் பல திருப்பங்கள் எனக்கு மறந்துவிட்டன. அந்த வியர்வை மட்டும் மறக்கவில்லை.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாகக் காட்டிக் கதை படிக்க வைத்தார்கள். முடிவுகள் 2009-இல் வந்தன. கதைமாந்தர் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடத்தில், கையசைவோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் செயல்பாடு கூடியது. படிப்பவர் ஏதோ ஓர் அளவுக்கு அந்தச் செயலை உள்ளுக்குள் நடத்திப் பார்க்கிறார். வியர்வை, மழையில் நனைந்த கோட்டு, தாடையில் விழும் குத்து என்று உடம்பை ஒட்டியே இந்தக் கதைகள் நகர்வதை இதோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

சரி, கொலையாளி யார் என்ற கேள்வி? அதுதான் இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே நாவலில் ஒரு கார் ஓட்டுநர் செத்துப்போகிறார். நாவலைப் படமாக எடுத்தவர்கள், அவரைக் கொன்றது யார் என்று சாண்ட்லரிடமே கேட்டார்களாம். தனக்கும் தெரியாது என்றாராம் அவர். நாவல் அதனால் சாகவில்லை, இன்றும் அச்சில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். மர்மக் கதைகளும் அவற்றில் இருந்தன. முடிவு தெரிந்து படித்தவர்கள் குறைவாக ரசிக்கவில்லை, சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் இதற்கு எதிரான விடையையும் தந்திருக்கின்றன, ஆகவே முடிந்துபோன விஷயமாக இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் விடை ஒன்றுக்காகவே படிக்கிறோம் என்றால், இதே நாவல்களை மறுபடி மறுபடி படிப்பவர்களை எப்படி விளக்குவது?

இருட்டு பிடிப்பதற்கான காரணத்தை மிளகாயிலிருந்து புரிந்துகொள்ளலாம். பால் ரோஜின் என்ற உளவியலாளர், வாயை எரிக்கும் ஒன்றை மனிதர்கள் ஏன் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். காரப் பிரியர்கள் பலருக்கு மிகவும் பிடித்த காரம், அவர்களால் தாங்க முடியாத அளவுக்குச் சற்றே கீழே இருந்தது. உடம்பு ஆபத்து என்று அலறுகிறது, ஆபத்து இல்லை என்று மனதுக்குத் தெரிகிறது. அந்தத் தெரிதலில்தான் இன்பம் என்கிறார் ரோஜின். சோகப் பாட்டையும் பேய்க்கதையையும் இதே கணக்கில் சேர்க்கிறார். இரவு பதினொரு மணிக்கு, தாழ்ப்பாள் போட்ட அறையில் ஒரு கொலைக் கதையோடு உட்காருபவருக்கு இது புதிதல்ல.

ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966-இல் வெளியிட்ட ஒரு சோதனை. ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவது போல நடித்துக் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் அதை நிஜம் என்றே நம்பினார்கள். அவளுக்கு உதவ வழியே இல்லாதபோது, பார்த்தவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமானது என்று நம்ப வேண்டும், அதற்காக அடிபட்டவள்மேல் ஏதோ குற்றம் இருக்க வேண்டும். செய்தியில் ஒரு கொலையைப் படித்ததும் "அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்கிறோமே, அதே மனம்.

நல்ல ஹார்ட்பாயில்ட் கதை அந்த ஆறுதலை நமக்குத் தருவதில்லை. செத்தவர் பெரும்பாலும் ஊர் ஏற்கனவே கைகழுவிய ஆள். துப்பறிவாளர் மட்டும் அவரைக் கைகழுவ மறுக்கிறார். யார், எங்கே தங்கியிருந்தார், கடைசியாக யாரோடு பேசினார் என்று கதவு கதவாகப் போய்க் கேட்கிறார். அமெரிக்கக் குற்றக்கதை எழுத்தாளர் ஜேம்ஸ் எல்ராயின் தாய் 1958-இல் கொலை செய்யப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. கொலையாளி பிடிபடவே இல்லை. பின்னாளில் அவர் எழுதிய லாஸ் ஏஞ்சலஸ் நாவல்களில், செத்துப்போன ஒரு பெண்ணை விட முடியாமல் அலையும் போலீஸ்காரர்கள் வருவது எனக்கு வியப்பாக இல்லை.

ஹாமெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' 1929-இல் புத்தகமாக வந்தது. அதில் பெயரில்லாத ஒரு துப்பறிவாளர், ரவுடிகள் கையில் சிக்கிய சுரங்க ஊர் ஒன்றைத் துடைத்தெடுக்கிறார். பிணங்கள் குவிகின்றன. ஊரை அதன் பழைய முதலாளியிடமே திருப்பித் தரும்போது, இது மறுபடி நாசமாகத் தயார் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அப்புறம் ஓர் அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறார். நிறுவனத்தின் விதிகளைத் தான் மீறியது வெளியே தெரியாதபடி, பாடுபட்டு எழுதுகிறார். மேலதிகாரி ஏமாறவில்லை, வறுத்தெடுத்துவிடுகிறார். அந்த அறிக்கையில் இல்லாதவை எல்லாம் நமக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்தோமே.