அழற்சி வேறு, வீக்கம் வேறு: ரேபிஸ் பற்றி எழுதுவோர் கவனத்துக்கு

‘ரேபிஸ் வைரஸ் மூளையை அடைந்ததும் அங்கே வீக்கம் உண்டாகிறது, அந்த வீக்கமே உயிரைப் பறிக்கிறது.’ வெறிநாய்க்கடி நோய் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் தலைகாட்டிவிடுகிறது. மூலத்தில் இருக்கும் சொல் இன்ஃப்ளமேஷன். அதற்குத் தமிழ் அழற்சி. மூளையில் வந்தால் மூளையழற்சி. என்செஃபலைட்டிஸ் என்பதும் அதுவே. வீக்கம் என்று எழுதிய உடனே நோயின் போக்கும் தவறாகிறது, மருந்து பற்றிய எண்ணமும் தவறாகிறது.

சொற்பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. லத்தீனில் இன்ஃப்ளம்மாரே என்றால் தீ மூட்டுதல். தமிழில் அழல் என்றால் தீ; ‘அழல்போலும் மாலை’ என்று குறளில் (1228) வருகிறது. சுழல் சுழற்சி ஆவதுபோல, முயல் முயற்சி ஆவதுபோல, அழல் அழற்சி ஆயிற்று. பழைய மருத்துவ எழுத்துகளில் தாபிதம் என்ற சொல்லும் உண்டு. அதன் வேரான தாபம் என்ற வடமொழிச் சொல்லும் வெப்பம்தான். ஆக மூன்று மொழிகளும் நெருப்பையே பிடித்திருக்கின்றன. வீக்கம் அப்படியல்ல. ஏங்கு ஏக்கம் ஆவதுபோல வீங்கு வீக்கம் ஆனது. பருத்தல், உப்புதல் என்பதே அதன் பொருள். கிரேக்கத்தில் இதற்கு நிகரான சொல் எடிமா.

வீக்கத்தை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது: ‘வாசகருக்குப் புரிய வேண்டாமா? அழற்சி யாருக்குத் தெரியும்?’ புரிவது வேறு, தவறாகப் புரிவது வேறு. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. வீக்கம் நான்கில் ஒன்று. நான்கில் ஒன்றை எடுத்து முழுமைக்கும் பெயராக்கினால், காய்ச்சலை ‘வியர்வை’ என்று அழைப்பதுபோல் ஆகும். வியர்வை காய்ச்சலிலும் வரும், ஓடினாலும் வரும். வீக்கமும் அப்படித்தான். கணுக்காலில் நீர் கோத்தால் வீங்கும். அங்கே அழற்சி இருக்க வேண்டியதில்லை. அழற்சி இருக்கும் எல்லா இடமும் கண்ணுக்குத் தெரிய வீங்குவதும் இல்லை.

இரண்டாவது வாதம், அழற்சி என்றால் மக்கள் அலர்ஜி என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது. இது உண்மைதான். ஒலி ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘தூசு அழற்சி’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற தெளிவான சொல் இருக்கிறது; பரவலாகவும் வழங்குகிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே இந்தக் குழப்பம் தீரும். ஒரு சொல்லைச் சிலர் தவறாகக் கையாள்கிறார்கள் என்பதற்காக அதைவிடப் பெரிய தவறான சொல்லை அதன் இடத்தில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

மூன்றாவது, அழல் என்பது சித்த மருத்துவத்தில் பித்தத்தின் பெயர், ஆகவே அழற்சியில் பித்தத்தின் வாடை வருகிறது என்பது. வளி, அழல், ஐயம் என்ற வரிசையில் அழல் பித்தமே. ஆனால் அங்கே நிற்பது அழல். இங்கே நிற்பது ‘சி’ விகுதி பெற்ற தொழிற்பெயர். சுழலையும் சுழற்சியையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. மூன்று வாதங்களில் இதுதான் மிக மெலிந்தது.

இனி நோய்க்கு வருவோம். வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பிழை வழியாக தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. இந்தப் பயணத்தில் அது உடலின் காவலுக்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அதன் ஐந்து புரதங்களில் ஒன்றான பி புரதம், வைரஸ் நுழைந்ததும் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் எழுப்பும் எச்சரிக்கையை உயிரணுவுக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. இறந்தவரின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால் இரத்தக்குழாய்களைச் சுற்றி லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள், ஆங்காங்கே மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்ளியாக்கள் திரண்ட பாபெஸ் முடிச்சுகள், நரம்பணுக்களுக்குள் 1903இல் நெக்ரி கண்டறிந்த நெக்ரி உருண்டைகள் ஆகியவை தெரியும். நோயின் கொடுமையோடு ஒப்பிட்டால் இந்த அழற்சி பல நேரங்களில் வியக்கத்தக்க அளவு மிதமானது. நரம்பணுக்களின் அழிவும் அப்படியே. தொடக்கத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கடைசிக் கட்டத்தில் ஓரளவு மூளை வீக்கம் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஆளைக் கொல்வது நரம்பணுக்கள் வேலை செய்யாமல் போவது: மூச்சு தடுமாறுகிறது, இதயத் துடிப்பு தறிகெடுகிறது, தன்னியக்க நரம்பு மண்டலம் குலைகிறது. ‘வீக்கமே உயிரைப் பறிக்கிறது’ என்ற பாதி இங்கேயே விழுந்துவிடுகிறது.

இன்னும் முக்கியமானது எலிகளில் செய்த ஆய்வு. வீரியம் குறைத்த ரேபிஸ் வைரஸை மூளையில் பெற்ற எலிகளில், இரத்தத்தில் இருப்பவை மூளைக்குள் எளிதில் நுழையாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு திறந்துகொடுக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களான டி அணுக்களும் பி அணுக்களும் உள்ளே நுழைகின்றன, எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அங்கேயே உற்பத்தியாகிறது, வைரஸ் துடைக்கப்படுகிறது, எலி பிழைக்கிறது. வௌவாலிலிருந்து எடுத்த கொடிய வைரஸைப் பெற்ற எலிகளிலும் இரத்தத்தில் எதிர்ப்பு உருவாகிறது. ஆனால் தடுப்பு திறப்பதில்லை, படை வாசலிலேயே நிற்கிறது, எலி சாகிறது. தடுப்பைத் திறக்கவிடாத ஸ்டீராய்டு கொடுத்தபோது, பிழைத்திருக்க வேண்டிய எலிகளும் கூடுதலாக இறந்தன. இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘மூளையில் போதிய அழற்சி எழாததால் எலி இறந்தது’ என்றால் பொருள் நிற்கிறது. ‘மூளையில் போதிய வீக்கம் உண்டாகாததால் எலி இறந்தது’ என்றால் படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். மொழிபெயர்ப்பாளரே அப்படி நினைத்து ‘வீக்கம் உண்டானதால்’ என்று திருத்திவிடவும் கூடும். அப்போது ஆய்வின் முடிவே தலைகீழாகிவிடும்.

அழற்சி எப்போதும் நல்லது என்று சொல்லவில்லை. மிகுந்தால் அதுவும் மூளையைக் கெடுக்கும். ஆனால் அந்த இருமுகத்தையும் தாங்கக்கூடிய சொல் அழற்சிதான். வீக்கத்துக்குக் குறைக்கப்பட வேண்டியது என்ற ஒரே முகம்தான் உண்டு.

மருந்து பற்றிய குழப்பம் இங்கிருந்தே பிறக்கிறது. வீக்கம் என்று படித்தவர் ‘வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுக்கலாமே’ என்று கேட்பது இயல்பு. இதோடு மூளைக்காய்ச்சல் என்ற சொல்லும் சேர்ந்துகொள்கிறது. அதை மூளையழற்சிக்கும் போடுகிறார்கள், மூளையுறை அழற்சிக்கும், அதாவது மெனிஞ்சைட்டிஸுக்கும் போடுகிறார்கள். பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியில் முதல் ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்போ கூடவோ டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம்: கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 4 நாள். ரேபிஸில் அதே மருந்து தவிர்க்கப்பட வேண்டியது. விலங்குகளில் அது நோயை விரைவுபடுத்தி இறப்பைக் கூட்டியிருக்கிறது. உண்மையான மூளை வீக்கத்துக்கு மேனிட்டால் போல நீரை இழுக்கும் மருந்து வேறு. மூன்று நிலை, மூன்று வழி. தமிழில் மூன்றையும் ஒரே சொல்லால் மூடினால் யாருக்கு என்ன புரியும்?

கடிபட்ட பின் தடுப்பூசி போட்டுக்கொள்பவருக்கும் இது பொருந்தும். ஸ்டீராய்டு எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைக்கும். வேறு நோய்க்காக நெடுநாளாக அதை எடுப்பவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவருக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். பின்னர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகை எட்டியதா என்றும் பார்ப்பார்கள். இம்யூனோகுளோபுலினைத் ‘தடுப்பூசி’ என்று எழுதுவது இன்னொரு பிழை. அது ஆயத்த எதிர்ப்பொருள். மனிதரிடமிருந்து பெற்றது கிலோவுக்கு 20 அலகு, குதிரையிடமிருந்து பெற்றது 40 அலகு. காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துவது. அதற்கும் முன்னால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும்.

நோய்க்குறி தெரிந்த பிறகான மருத்துவத்திலும் சொல் கவனம் வேண்டும். 2004இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் 15 வயதுப் பெண்ணை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து, மயக்க மருந்துகளான கெட்டமின், மிடசோலம், வைரஸ் எதிர்ப்பு மருந்துகளான ரிபாவிரின், அமன்டடின் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். அவர் தடுப்பூசி இல்லாமலே பிழைத்தார். ‘மூளை வீக்கத்தைக் குறைத்துக் காப்பாற்றிய முறை’ என்று தமிழில் எழுதுவது தவறு. மூளையை உறங்கவைத்து, உடலின் சொந்த எதிர்ப்பு வந்துசேரும்வரை காலம் வாங்குவதே அதன் நோக்கம். அதே முறை பின்னர் பலரிடம் தோற்றது. இன்று பல வல்லுநர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2023இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், ரேபிஸின் உறவான ஆஸ்திரேலிய வௌவால் லிசாவைரஸ் மூளையை அடைந்த பிறகும் எஃப்11 என்ற ஒற்றை எதிர்ப்பொருள் எலிகளைக் காத்தது. அதற்கு சி.டி.4 வகை டி அணுக்கள் தேவைப்பட்டன. இதையும் வீக்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு விளக்க முடியாது.

நியூரோஇன்ஃப்ளமேஷனை ‘நரம்பழற்சி’ என்று எழுதுவதும் பொருந்தாது. நரம்பழற்சி என்றால் நியூரைட்டிஸ், ஒரு நரம்பில் வரும் அழற்சி. இங்கே வேண்டியது நரம்புமண்டல அழற்சி. மூளையை மட்டும் சொன்னால் மூளையழற்சி. ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி என்பது அழற்சித் தணிப்பு மருந்து. ‘வீக்க எதிர்ப்பி’ என்றெல்லாம் புதிதாகக் கட்டத் தேவையில்லை.

வீக்கத்துக்கு உரிய இடமும் உண்டு. நாய் கடித்த கெண்டைக்கால் மறுநாள் பருத்து, சிவந்து, தொட்டால் சுட்டால் அங்கே வீக்கம் என்று தாராளமாக எழுதலாம். அது பெரும்பாலும் காயத்தாலோ, வாயிலிருந்து வந்த பாக்டீரியாவாலோ ஆனது. ரேபிஸ் வைரஸ் அந்த இடத்தில் அப்படி ஒரு தடயமும் வைக்காது. கடிவாய் வீங்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது.