மஞ்சளைவிட வெள்ளையைக் கவனியுங்கள்

பச்சைக் குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிந்தால், "காலை வெயில்ல காட்டு, சரியாயிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் அதற்குக் காரணம் வெயில் இல்லை, கல்லீரல் தன் வேலையைப் பழகிக்கொள்வதுதான்.

பழைய ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அது நீரில் கரையாது. கல்லீரல் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு நிறம் தருவது இதுதான். பிறந்த புதிதில் இந்த மாற்றும் வேலை மந்தமாக நடப்பதால் மஞ்சள் தேங்குகிறது. அளவு மிகவும் ஏறினால் மூளையைப் பாதிக்கும். அதனால்தான் மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ் வைக்கிறார்கள். மற்றபடி ஒன்றிரண்டு வாரங்களில் வடிந்துவிடும். தாய்ப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கலாம்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலமும் வெளுத்துச் சுண்ணாம்பு போல, களிமண் போல வருகிறது என்றால் கதையே வேறு. கல்லீரல் பிலிரூபினை மாற்றிவிட்டது, ஆனால் குடலுக்குப் போக வழி இல்லை என்று அர்த்தம். பித்தக்குழாய்கள் வீங்கித் தழும்பாகி அடைபடும் 'பிலியரி அட்ரீசியா'வில் இதுதான் நடக்கிறது. தேங்கிய நிறமி ரத்தத்துக்குத் திரும்பி, நீரில் கரைவதால் சிறுநீரில் இறங்கும். துணியில் மஞ்சள் கறை படியும். பித்தநீர் இல்லாமல் கொழுப்பு செரிக்காது, ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யும் உடலில் சேராது. சில குழந்தைகளுக்கு இதனால் மூளையிலேயே ரத்தம் கசிந்துவிடும்.

இதில் பெரிய ஏமாற்று, ஆரம்பத்தில் குழந்தை நன்றாகப் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருப்பது. யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் தைவான் 2004-இல் நாடு முழுக்க மல நிற அட்டையைப் பெற்றோர் கையில் கொடுத்தது. துணியில் இருப்பதை அட்டையிலுள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இவ்வளவு மலிவான பரிசோதனை மருத்துவத்தில் அபூர்வம். நம் ஊரில் மலத்தின் நிறத்தைக் கேட்பவர் குறைவு, கீழாநெல்லி அரைப்பவர் அதிகம். அடைத்த குழாயைக் கீழாநெல்லி திறக்காது.

சந்தேகம் வந்தால் ரத்தத்தில் மொத்த பிலிரூபினோடு, கல்லீரல் கரையும் வடிவத்துக்கு மாற்றிய 'டைரக்ட்' பிலிரூபினையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த 'டைரக்ட்' அளவு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளுக்கான கல்லீரல் நிபுணரிடம் உடனே போக வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையில், தழும்பான குழாய்களை அகற்றிவிட்டு, குடலின் ஒரு பகுதியை நேராகக் கல்லீரலின் வாசலோடு இணைக்கிறார்கள். பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் வடிய வாய்ப்பு அதிகம். நாள் கடக்கக் கடக்கக் கல்லீரல் இறுகிப்போகும்.

கசாய் சிகிச்சை பலிக்காத குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றுதான் வழி. இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றும் இதே நோய்க்குத்தான். 1998-இல் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு அப்பாவே தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவம் படித்தது. கொடுத்தவருக்கு மிச்சமிருக்கும் கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும்.