ஷோர்ட்: குறுஞ்சுற்று எது, மின்னொழுக்கு எது?

"போர்ட் ஷோர்ட்டாப் போச்சு." மட்டக்களப்பில் ரேடியோ திருத்துகிற கடையிலும், கல்முனையில் போன் திருத்துகிற கடையிலும், வீட்டு மேசையில் ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் போர்டை வைத்துப் பழகுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் ஓயாமல் அடிபடுகிற பேச்சு இது. எரியாத எல்ஈடியும் ஷோர்ட்தான், கை வைக்க முடியாமல் சுடுகிற ஐசியும் ஷோர்ட்தான். மழைக்குத் தானாகக் கத்துகிற அலாரமும் ஷோர்ட். பிரிட்ஜின் கதவைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா, அதுவும் ஷோர்ட். கடைத்தெருவில் இந்தச் சொல்லுக்கு வேறு சோலிகளும் உண்டு. சில்லறை ஷோர்ட் என்றால் தட்டுப்பாடு. தேநீரோடு தட்டில் வருகிற ரோல்ஸும் பற்றீஸும் சோட்டீஸ். அவை கிடக்கட்டும். மின்சுற்றைப் பொறுத்தவரை ஷோர்ட் என்பது ஒரேயொரு பழுதின் பெயர். எல்லாப் பழுதுக்கும் அதையே வைத்துவிட்டால், தேடக்கூடாத இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

பற்றரியின் ஒரு முனையில் புறப்படுகிற மின்னோட்டம், வேலை செய்கிற உறுப்புக்குள் நுழைந்து, மறு முனைக்கு வந்து சேர வேண்டும். அந்த உறுப்பைத் தொடாமலே திரும்பிவர, தடை மிகக் குறைந்த ஒரு வழி கிடைத்துவிட்டால் அதுவே ஷோர்ட். ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 220 ஓம் தடையி (ரெசிஸ்டர்) இருந்தால் ஓடுவது ஏறத்தாழ 23 மில்லியம்பியர். அந்தத் தடையியின் இரண்டு கால்களையும் ஒரு ஈயத்துளி இணைத்து, வயரோடு சேர்த்து அரை ஓம்தான் மிச்சம் என்றால், கணக்கில் வருவது 10 அம்பியர். எந்த யுஎஸ்பி துளையும் அவ்வளவு தராது. ஆகவே வோல்ட் சரிந்து விழும், வயர் சுடும், அல்லது பியூஸ் முந்திக்கொள்ளும். ஆர்டுயினோ ஊனோவின் யுஎஸ்பி வழியில் 500 மில்லியம்பியருக்கு மேல் போனால் தடுத்து, ஆறியதும் தானாகவே பழைய நிலைக்கு வருகிற பியூஸ் ஒன்று இருக்கிறது. போர்ட் அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி எரிந்தால் முதல் சந்தேகம் அங்கேதான் விழ வேண்டும்.

ஆங்கிலத்தில் இது இரண்டு சொற்களின் கூட்டு. ஷோர்ட் பழைய ஆங்கிலச் சொல். குட்டையானது என்று பொருள். சேர்கிட் லத்தீனிலிருந்து வந்தது. சுற்றிவருதல் என்று பொருள். இரண்டையும் சேர்த்துப் புழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தந்திக் காலத்தில். கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் இலங்கையின் முதல் தந்திக்கம்பி இழுக்கப்பட்ட காலமும் அதுதான். தூர ஊருக்குப் போகவேண்டிய மின்னோட்டம், வழியில் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் பாதியிலேயே திரும்பிவிடும். சுற்று உண்மையிலேயே குட்டையாகிவிடும். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் நீளத்துக்கும் இதற்கும் இப்போது தொடர்பே இல்லை. இரண்டு அங்குலப் போர்டின் மீது ஒரு மீற்றர் செப்புவயரைச் சுற்றி வளைத்து, 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் (சுழிய வோல்ட் பக்கத்தையும்) இணைத்தாலும் அது ஷோர்ட்தான். வழி நீளம், தடை குறைவு.

தமிழில் குறுஞ்சுற்று என்கிறோம். குறுமை + சுற்று. 'மை' கெட்டு, வருகிற எழுத்தின் இன மெல்லெழுத்து தோன்றியது. குறுஞ்செய்தி அமைந்ததும் இப்படியே. குறுக்குச் சுற்று என்றும் எழுதுகிறார்கள். பொருள் விளங்குவதைப் பார்த்தால் அது இன்னும் நல்ல சொல் என்பேன், வேலையைத் தவிர்த்துவிட்டுக் குறுக்குவழியில் போகிற மின்னோட்டத்தை அது நேராகவே காட்டிவிடுகிறது. ஆனாலும் வாய்க்கு இசைவதும், வினையாக்க வளைந்துகொடுப்பதும் குறுஞ்சுற்றுத்தான்: குறுஞ்சுற்றானது, குறுஞ்சுற்றாகிவிட்டது, குறுஞ்சுற்றாக்கிப் பார். எழுதும்போது அதையே வைத்துக்கொள்ளலாம். பேச்சில் ஷோர்ட் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் வருவது இன்னொரு சொல்லால். கடை எரிந்தது என்று செய்தி வந்தால் நம் பத்திரிகைகள் எழுதுவது 'மின் ஒழுக்கு காரணமாக' என்று. தமிழ்நாட்டுப் பத்திரிகையில் அது 'மின்கசிவு'. பெரும்பாலும் அவர்கள் சொல்ல வருவது குறுஞ்சுற்றை. ஒழுகுதல் வேறு, குறுக்கே பாய்தல் வேறு. வயல் வரம்பு உடைந்து நீர் முழுதும் ஆற்றுக்குத் திரும்புவது குறுஞ்சுற்று. வரம்பிலுள்ள நண்டு வளையால் இரவிரவாக வடிவது ஒழுக்கு. முன்னதில் சில அம்பியரிலிருந்து நூற்றுக்கணக்கான அம்பியர் வரை ஓடும். பின்னதில் மில்லியம்பியர், சில வேளை மைக்ரோ அம்பியர். தேடுகிற முறையும் திருத்துகிற முறையும் ஒன்றல்ல.

குறுஞ்சுற்றைத் தேடுவது ஒப்பீட்டளவில் சுலபம். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, மல்டிமீற்றரை, முனைகளுக்கிடையே தடை குறைந்த வழி இருந்தால் சத்தம் போடுகிற 'பீப்' நிலையில் வைத்து 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே இரண்டு ஏமாற்று உண்டு. பெரிய கொள்ளளவி (கப்பாசிட்டர்) இருந்தால் அது மின்னேறும்வரை ஒரு கணம் பீப் வந்து நின்றுவிடும், அது பழுதல்ல. பல மீற்றர்கள் சில பத்து ஓம் வரைக்குமே பீப் போடும் என்பதால், தடை குறைந்த மோட்டர் சுருள் ஒன்று சுற்றில் இருந்தாலும் கத்தும். ஆகவே சத்தத்தை நம்பாமல் 200 ஓம் அளவுக்கு மாற்ற வேண்டும். முதலில் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வயர்களின் சொந்தத் தடையைக் குறித்துக்கொண்டு, பிறகு அளந்து அதைக் கழிக்க வேண்டும். மிச்சம் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தால் குறுஞ்சுற்று உறுதி.

அப்புறம் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிக் கழற்றி அளக்க வேண்டியதுதான். எந்தப் பகுதியைக் கழற்றியதும் எண் ஏறுகிறதோ அங்கே இருக்கிறது வினை. கையால் ஈயம் வைத்த போர்டில் அனேகமாக அடுத்தடுத்த கால்களுக்கு இடையில் மயிரிழைபோல ஒரு ஈயப்பாலம் நிற்கும். வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் தெரியும். பாலம் இல்லையென்றால் உறுப்பே உள்ளுக்குள் குறுஞ்சுற்றாகியிருக்கலாம். வெடிப்பு விழுந்த சிறிய செராமிக் கொள்ளளவி, திருப்பிப் போட்ட தந்தாலம் கொள்ளளவி இரண்டும் இந்த விடயத்தில் பேர்போனவை. ஓட்டத்தை மட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளை கையில் இருந்தால் ஒரு வோல்ட்டும் சில நூறு மில்லியம்பியரும் கொடுத்து, போர்டில் ஐசோபுரப்பைல் அல்ககோலைத் தடவிப் பாருங்கள். சூடாகிற உறுப்பின் மேல் மட்டும் ஈரம் முதலில் காயும்.

230 வோல்ட்டில் ஓடுகிற அம்பிளிபயரைத் திருத்துவோர் 60 வாட்ஸ் பழைய இழைப் பல்ப் ஒன்றைத் தொடரில் போடுவார்கள். உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் பல்ப் முழுதாக எரியும். ஓட்டம் கால் அம்பியரைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடும், வேறு எதுவும் எரியாது. எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பிள்ளைகள் தனியாகச் செய்து பார்க்கிற வேலையும் அல்ல.

ஒழுக்குத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளின் தலைவலி. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். மார்கழி மழையில் காற்றே ஈரத்துணிபோல இருக்கும். ஈரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். போர்டில் படிந்த உப்புத்தூளும், ஈயம் ஒட்டுவதற்காகப் பூசி, பின்பு துடைக்காமல் விட்ட பிளக்ஸ் பசையும் அந்த ஈரத்தில் மின் கடத்தும் மெல்லிய படலமாகிவிடும்.

தண்ணீர்த்தாங்கி நிரம்பினால் கத்துகிற அலாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிசி 547 திரான்சிஸ்டர், தாங்கிக்குள் போகிற இரண்டு வயர், 5 வோல்ட். ஒரு வயர் 5 வோல்ட்டில், மற்றது திரான்சிஸ்டரைத் திறந்துவிடுகிற காலான பேஸில். தாங்கி வெறுமையாக இருக்கிறது, அலாரம் முனகுகிறது. 'ஷோர்ட்' என்று பீப் வைத்துப் பார்த்தால் சத்தமே வராது. வரவும் மாட்டாது. இரண்டு வயரும் வந்து சேர்கிற திருகாணிகளுக்கு இடையே ஈரப்படலத்தின் தடை ஒரு மெகா ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸுக்குள் போவது 4 மைக்ரோ அம்பியர் சொச்சம். திரான்சிஸ்டர் அதை 200 மடங்காக்கினால் ஏறத்தாழ 0.9 மில்லியம்பியர். அலாரம் முனகுவதற்கு அது காணும். வயர்களைக் கழற்றி, சிவப்பு முனையை 5 வோல்ட் பக்கம் வைத்து, மீற்றரின் ஆக உயர்ந்த ஓம் அளவில் பார்த்தால் தெரியும். உலர்ந்த போர்டில் மலிவு மீற்றர் திரையின் இடது ஓரத்தில் வெறும் '1' நிற்கும். ஒழுகுகிற போர்டில் எண்கள் நிலைகொள்ளாமல் ஓடும், வாயால் ஊதினாலே இறங்கும்.

வைத்தியம் இரண்டு. அல்ககோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மேலே நகப்பூச்சாவது பூசிவிடுவது ஒன்று. மற்றது சுற்றையே திருத்துவது: பேஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 கிலோ ஓம் தடையி ஒன்று. அதே ஒரு மெகா ஓம் ஒழுக்கு இருந்தாலும் பேஸில் நிற்பது 0.45 வோல்ட்தான், திரான்சிஸ்டர் விழிக்க 0.6க்குக் கிட்ட வேண்டும். உண்மையான தண்ணீரின் தடை இதைவிட மிகக் குறைவு, ஆகவே தாங்கி நிரம்பும்போது அலாரம் வழமைபோலக் கத்தும். நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பூச்சு உரியும், தடையி உரியாது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் யானைக்கு மின்வேலி போட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மழைக்குப் புல் வளர்ந்து கம்பியில் சாய்ந்தால் வேலியின் மின்னடி குறைந்துகொண்டே போகும். அது ஒழுக்கு; கத்தியோடு போய்ப் புல்லை வெட்ட வேண்டும். கம்பி அறுந்து, நிலத்தொடுப்புக் கம்பியின் மேல் விழுந்தால் அடியே இராது. அது குறுஞ்சுற்று.

வீட்டிலும் அப்படியே. நாம் ட்ரிப் சுவிட்ச் என்கிற சாதனம் போகிற ஓட்டத்தையும் திரும்புகிற ஓட்டத்தையும் ஒப்பிட்டு, வழக்கமாக 30 மில்லியம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும். அது ஒழுக்கைப் பிடிக்க வந்தது. குறுஞ்சுற்றைப் பிடிப்பது பக்கத்திலிருக்கிற சின்னச் சின்ன பிரேக்கர்கள். மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் மட்டும் விழுந்தால் குறுஞ்சுற்றைத் தேடி வயரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. நனைந்த வெளிலைட்டையும் தண்ணீர் மோட்டரையும் முதலில் கழற்றிப் பாருங்கள்.

பத்திரிகைக்காரருக்காக ஒன்று சொல்லலாம்: ஒழுக்கும் தீ வைக்கும். ஈரத்திலும் தூசியிலும் ஒழுகுகிற ஓட்டம் காப்புப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாக்கும். கரி மின் கடத்தும். ஒழுக்கு ஒருநாள் குறுஞ்சுற்றாகிவிடும். லூசாகக் கிடக்கிற இணைப்பு சூடேறியும் எரியும், அது இரண்டிலும் சேராது.

லூசான வயர் முழுதாகவே விட்டுப்போனால் அதற்கு ஓப்பன் என்று பெயர். தமிழில் திறந்த சுற்று. எரியாத எல்ஈடி, சுற்றாத மோட்டர், சூடே இல்லாத போர்ட், பற்றரியிலோ முழு வோல்ட் என்று வந்தால் பெரும்பாலும் இதுதான். அங்கே மட்டும் பீப் வராத இடத்தைத் தேடுங்கள்.