நத்தைச்சுருளுக்குள் ஒரு கம்பி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பிறவியிலேயே காது கேளாத என் மகனுக்கு உட்காதில் கருவி பொருத்தலாம் என்கிறார்கள். தலைக்குள் மெஷின் வைத்தால் பிள்ளை பாதி ரோபோ ஆகிவிடுவான் என்று அம்மம்மா பயப்படுகிறா. உண்மையா?"

செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும் பாடசாலையில் படித்தவைதான். நேரே உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் நத்தைச்சுருளுக்குப் போவோம். இரண்டரைச் சுற்று; விரித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர். அதன் நீளத்துக்கு ஓடும் மென்சவ்வு அடியில் ஒடுங்கி விறைப்பாகவும், நுனியில் அகன்று தளர்வாகவும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுருதிக்கும் அதில் ஓர் இடம் உண்டு. காலி வீதியில் பஸ் உறுமினால் நுனிப்பக்கம் அதிரும். பொலிஸ்காரரின் விசில் அடிப்பக்கத்தை எழுப்பும். எந்த இடத்து நரம்பு துடிக்கிறதோ, அதுவே மூளைக்குச் சுருதி. இந்தச் சவ்வில் அலை ஓடும் விதத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி பெக்கேசிக்கு 1961 இல் நோபல் பரிசு கிடைத்தது.

செவிட்டுத்தன்மையில் பெரும்பாலும் பழுதாவது சவ்வின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்க்கலங்கள், நரம்பு மிஞ்சியிருக்கும். கருவி அந்த நரம்போடு நேரே பேசுகிறது. காதுக்கு வெளியே உள்ள பகுதி ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துத் தோலினூடாக வானொலி அலையில் அனுப்ப, சுருளுக்குள் வரிசையாக இருக்கும் மின்வாய்கள் அந்தந்த இடத்து நரம்பைத் தூண்டும். சுமார் 3,500 உள் மயிர்க்கலங்களின் வேலையைப் பன்னிரண்டு முதல் இருபத்திச்சொச்சம் வரையான மின்வாய்கள் செய்ய, பயிற்சியோடு மூளை அதிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கிறது! இசைதான் இன்னும் சரியாக வசப்படவில்லை.

சுருளைக் கிழிக்காமல் இந்த மின்வாய்கள் பதித்த கம்பியை நுழைப்பது எப்படி? அவுஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க் 1977 இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லிதழைச் செருகிப் பார்த்தார். நுனி நெகிழ்ந்து அடி போகப்போக விறைத்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. அடுத்த ஆண்டே மெல்பேர்னில் அவருடைய கருவி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இனி அம்மம்மாவின் பயம். கண்புரைக்கு வைக்கும் வில்லையும் செயற்கைதான். அதை வைத்தவரை யாரும் ரோபோ என்பதில்லை. ஆனால் வில்லைக்குப் பிறகு எந்தக் கம்பனியின் தயவும் வேண்டாம். இந்தக் கருவிக்கோ பற்றரி, மென்பொருள், உதிரிப்பாகம் எல்லாம் வாழ்நாள் முழுதும் வேண்டும். 'ஆர்கஸ் 2' என்ற விழித்திரைக் கருவியைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் 2019 இல் அதைக் கைவிட்டபோது, அதைக் கண்ணில் சுமந்தவர்கள் பழுதுபார்க்க ஆளின்றி நின்றார்கள். எனக்கு இதுதான் பெரிய அநீதி. உடலுக்குள் போகும் எந்தக் கருவிக்கும் நீண்டகாலப் பராமரிப்பு உத்தரவாதம் வாங்காமல் அரசு அனுமதி கொடுக்கவே கூடாது.

முடிவெடுப்பது நீங்கள், சுமப்பது அவன். மூளை கேட்கப் பழகும் பருவம் முதல் சில ஆண்டுகள்தான் என்பதால் அவன் வளர்ந்து சொல்லும்வரை காத்திருக்கவும் முடியாது. முற்பிறவிப் பாவம் என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். பிறவிச் செவிட்டுத்தன்மையில் பெரும்பங்கு மரபணுவால் வருவது. எந்த முடிவெடுத்தாலும் சைகைமொழியை இன்றே தொடங்குங்கள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளிப்பகுதியைக் கழற்றி வைப்பீர்கள். அப்போது அவனுக்கு மீண்டும் எதுவும் கேட்காது. அந்த நேரங்களிலும் அவனோடு பேச ஒரு மொழி வேண்டும்.